நிற்கும்போது மட்டும் சுத்தமான கார்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் ஸ்ரீ அரவிந்தர் மார்க்கின் ஓரத்தில் இருக்கிறது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, மீன் எனத் தென்னாட்டுச் சமையலுக்கு வேண்டியவற்றைத் தேடித் தலைநகரத் தமிழரும் மலையாளிகளும் வந்துசேரும் இடம். வெளியே வாகனங்கள் நெரிசலில் நிற்கின்றன. வழி கிடைத்ததும் பாய்கின்றன. கடைக்காரர்கள் நாள் முழுதும் சுவாசிப்பது இவ்விரு நிலைகளின் புகையையும்தான். ஆனால் நமது புகைப் பரிசோதனை நிற்கும் நிலையை மட்டுமே அளக்கிறது. வீட்டில் டர்போ பொருத்தப்பட்ட காரைப் பற்றிய விவாதம் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பி.எஸ். 4, பி.எஸ். 6 பெட்ரோல் கார்கள் பி.யூ.சி. சான்று பெற, இயந்திரம் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். அளவையும் தாண்டக் கூடாது. பிறகு ஏறத்தாழ 2,500 சுழற்சியில் கார்பன் மோனாக்சைடு 0.2 விழுக்காட்டுக்குள்ளும், லாம்டா எனப்படும் காற்று–எரிபொருள் விகிதக் குறியீடு 0.97க்கும் 1.03க்கும் இடையிலும் இருக்க வேண்டும். இரண்டு சோதனையிலும் கார் நியூட்ரலில் நிற்கிறது. சக்கரத்தில் சுமை இல்லை. சுமையில்லாத இயந்திரத்தில் டர்போ குறிப்பிடத்தக்க அழுத்தத்தை உருவாக்குவதில்லை. எனவே, எந்த மாற்றத்திற்காகப் பணமும் மாதங்களும் செலவிடப்பட்டனவோ, அந்த மாற்றம் சோதனையின்போது வேலையே செய்வதில்லை. சோதனைக் கருவி அளப்பது ஏறக்குறைய பழைய காரைத்தான்.

சுமை ஏறும்போது நிலைமை வேறு. டர்போ காற்றை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது. சிலிண்டருக்குள் எரிபொருள் காலம் தவறி வெடிக்கும் ‘நாக்கிங்’ அபாயம் கூடுகிறது. டர்போவுக்கென வடிவமைக்கப்படாத, அழுத்த விகிதம் உயர்ந்த இயந்திரத்தில் இது இன்னும் கடுமை. இதற்கு எளிய தீர்வு, கூடுதல் எரிபொருளைத் தெளித்து உள்ளே குளிர்விப்பது. லாம்டா 0.8 வரைகூட இறங்குகிறது. அந்நேரத்தில் வெளியேற்றத்தில் ஆக்சிஜன் அநேகமாக மிஞ்சுவதில்லை. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மூன்று மாசுகளையும் ஒருசேரச் சுத்திகரிப்பது லாம்டா 1ஐ ஒட்டிய குறுகிய எல்லையில் மட்டுமே. ஆகவே ‘கன்வர்ட்டரைக் கழற்றவில்லை’ என்று சொல்வது பாதி நேர்மைதான். டியூனிங் தவறினால் கன்வர்ட்டர் இருந்தும் பயனில்லை; எரியாத பெட்ரோல் அதற்குள் எரிந்து அதன் உட்புறத்தையே உருக்கிவிடவும் கூடும்.

இவ்வட்டாரத்தின் சொல்லாட்சியும் கவனிக்கத்தக்கது. கன்வர்ட்டரை அகற்றுவது ‘டீகேட்’. புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வை அடைப்பது ‘ஈ.ஜி.ஆர். டெலீட்’, எஞ்சியது ‘ஃப்ரீ ஃப்ளோ’. ஒன்றை இழப்பது விடுதலையாகப் பெயர் பெறுகிறது. டீசல் கார்களில் இந்த ‘டெலீட்’ நைட்ரஜன் ஆக்சைடுகளை நேரடியாகப் பெருக்குகிறது. டீசலுக்கான பி.யூ.சி. சோதனையோ புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதே இல்லை. 2015இல் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் மோசடியில் மென்பொருள் செய்தது இதுதான்: சோதனைக்கு ஒரு முகம், சாலைக்கு வேறொரு முகம். அங்கே அதற்குத் தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. இங்கே சோதனையே அந்த வசதியைச் செய்து தருகிறது.

சட்டம் மௌனமாக இல்லை என்பது உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் முழுத்தடையும் அரைகுறைச் சோதனையும் சேரும்போது விளைவது விநோதமானது. இன்டர்கூலர் வைத்து, அழுத்தத்தைக் குறைவாக நிறுத்தி, அகல்பட்டை ஆக்சிஜன் சென்சாரின் அளவைப் பார்த்துப் பார்த்து டியூன் செய்பவரும் குற்றவாளி. கன்வர்ட்டரைப் பழைய இரும்புக் கடையில் விற்றுவிட்டுக் கரும்புகை கக்குபவரும் அதே குற்றவாளி. முன்னவருக்குத் தம் காரைக் காட்டி நிரூபிக்க இடமில்லை. பின்னவரைச் சோதனை மையம் பிடிப்பதும் உறுதியில்லை. 2025இல் தில்லிச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையின்படி, வரம்பை மீறிய அளவுகள் பதிவாகியிருந்தும் 1.08 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களுக்குச் சான்று வழங்கப்பட்டிருந்தது.

கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம், மாசைக் கூட்டாது என்று சோதனையில் நிறுவப்பட்ட உதிரிப் பாகங்களுக்கு விலக்கு எண் தருகிறது. அந்த எண் உள்ள டர்போ கிட்டைப் பொருத்துவது அங்கே குற்றமன்று. 2021 ஜூலை முதல் அங்குள்ள புகைப் பரிசோதனை, இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கிறது. அனுமதியற்ற ரீமேப் இருந்தால் கார் தோல்வியடைகிறது. தளர்வும் கண்டிப்பும் அங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இதை மேலைநாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. இந்தியாவிலேயே பெட்ரோல் காரில் ஏற்பளிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட்டைப் பொருத்திப் பதிவுச் சான்றில் குறித்துக்கொள்ள முடிகிறது. எரிபொருளையே மாற்ற வழி வைத்திருக்கும் விதிகள், காற்றை அழுத்தும் ஒரு சுழலிக்கு வழி வைக்க முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. பி.எஸ். 6 கார் ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. இணைப்பு இருக்கிறது. பி.யூ.சி. மையம் செய்ய வேண்டிய முதல் வேலை, சைலன்சருக்குள் குழாயை நுழைப்பதோடு நிற்காமல் அந்த இணைப்பிலும் கருவியைச் செருகுவது. அடுத்தது, சந்தேகத்துக்குரிய காரை உருளைகளின் மீது ஏற்றிச் சுமையோடு ஓட்டிப் பார்ப்பது. செலவு பிடிக்கும்தான்; மையம் ஒவ்வொன்றிலும் உருளைகள் வேண்டியதில்லை, மாநகருக்குச் சில போதும். டர்போ பொருத்தியவரே அந்தக் கட்டணத்தைச் செலுத்தட்டும்.