குறையுள்ளவரா, மனக்குறையுள்ளவரா?

எங்கள் உறவினர் இல்லத்தில் 1982ஆம் ஆண்டு நிகழ்ந்தது இது. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம். திண்டுக்கல்லில் தாயுடன் இருந்த தம்பி, மணமாகி நெய்வேலிக்குச் சென்றிருந்த தன் தமக்கைக்கு இன்லண்டு தாளில் கடிதம் எழுதினான். மழை பெய்ததையும் பசு கன்று ஈன்றதையும் விரிவாக எழுதிவிட்டு, இடம் போதாமையால் மடிப்போரத்தில் ஒரு வரியை நெருக்கிச் சேர்த்திருந்தான்: "அம்மா சில மாதங்களாகக் குறையுள்ளவர்களாக இருக்கிறார்கள்."

கடிதம் கைக்குக் கிடைத்த அன்றிரவே தமக்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். திருச்சியில் பேருந்து மாறி, விடியற்காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த தாயின் முகத்தை இரு கைகளாலும் பற்றி, "கண்ணிலா அம்மா, காதிலா?" என்று கேட்டாளாம். அந்த அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான், "எனக்கு என்னடி குறை? ஒரு வருஷமாக நீ எட்டிப் பார்க்காததுதான் குறை" என்றார். தம்பிக்கு அன்று காலை உணவோடு கிடைத்த அருச்சனையை ஈண்டு விவரிக்க வேண்டியதில்லை.

தம்பி எழுத நினைத்தது 'மனக்குறையுள்ளவர்களாக' என்பதே. 'மனம்' விடுபட்டுப்போயிற்று, தமக்கை ஓர் இரவு முழுவதும் கலங்கிப்போனாள்.

'குறை' என்னும் சொல்லுக்குப் பழுது என்பதும் பொருள், முறையீடு என்பதும் பொருள். 'குறையுள்ள' என்று ஒருவருக்கு அடைமொழி தந்தால் பழுது அவரிடமே இருப்பதாகிவிடும். 'மனக்குறையுள்ள' என்றாலோ பழுது வேறெங்கோ இருக்கிறது. அதன் பாரத்தை அவர் மனம் சுமக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' கூட்டத்தில் எவரும் மக்களின் உடற்பழுதுகளைத் திருத்தப் போகிறார்கள் என்று எண்ணுவதில்லை. 'தீர்க்கும்' என்னும் வினை பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. இன்னும் நுட்பமான வேறுபாடு ஒன்றும் உண்டு. 'மருமகள் குறை சொன்னாள்' என்றால் அவள் பிறரைப் பழித்தாள். 'மருமகள் தன் குறையைச் சொன்னாள்' என்றால் அவள் தன் வருத்தத்தை எடுத்துரைத்தாள். ஓர் 'ஐ' உருபு செய்யும் வேலையைப் பாருங்கள்! அந்த உருபைக் கவனியாமல் செய்தியை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் கொண்டுசென்று மூண்ட சண்டைகள் எத்தனையோ.

நிற்க. வாசக அன்பர் ஒருவர், தம் தெருவினர் சார்பில் குடிநீர் வேண்டி எழுதும் மனுவை 'குடிநீர் வழங்கலில் அதிருப்தியான மக்களாகிய நாங்கள்' என்று தொடங்கலாமா எனக் கேட்டிருக்கிறார்.

'அதிருப்தி' வடசொல். 'திருப்தி' என்பதன் முன் 'அ' என்னும் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்தது. நீதி, அநீதி போல. 'அதிவேகம்', 'அதிகாலை' ஆகியவற்றில் வரும் 'அதி'க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பள்ளி மாணவர் சிலர் இதனை 'அதிகத் திருப்தி' என்று பொருள்கொண்டு விடையெழுதக் கண்டிருக்கிறேன். அவர்கள் விடைத்தாளில் அதிருப்தியாளர் அனைவரும் பேரானந்தத்தில் திளைப்பர்!

இனி 'ஆன' என்னும் ஈற்றைப் பார்ப்போம். 'திருப்தியான விருந்து' என்கிறோம். விருந்து திருப்தியடைவதில்லை; உண்டவர் அடைகிறார். 'அதிருப்தியான பதில்' என்பதும் அத்தகையதே. பெரும்பாலும் இவ்விடங்களில் 'ஆன' என்பது உணர்ச்சியை விளைவிக்கும் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே 'அதிருப்தியான ஆசிரியர்' என்று எழுதினால், ஆசிரியர் மனநிறைவு இழந்தாரா, அன்றி அவரால் பிறர் மனநிறைவு இழந்தனரா என்னும் ஐயம் எழும். 'அதிருப்தியான மக்கள்' என்பதும் இந்த ஐயத்துக்கு இடந்தருவதே. மனுவைப் படிக்கும் அலுவலர் அதை எப்படிக் கொள்வாரோ! 'மகிழ்ச்சியான செய்தி', 'மகிழ்ச்சியான குடும்பம்' என இரு வகையிலும் வழங்குகிறோமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், வழக்கு எல்லா இடங்களிலும் இலக்கணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனால் மகிழ்ச்சியில் பொருள் மாறினால் இழப்பில்லை. முறையீட்டில் மாறினால் பழி இடம் மாறிவிடும்.

எனவே, ஆளைக் குறிக்கும்போது 'அதிருப்தியுற்ற', 'அதிருப்தியடைந்த', 'அதிருப்தி கொண்ட' என்று எழுதுக. பொருளைக் குறிக்கும்போது 'அதிருப்தியளிக்கும்' என்க. 'அரிசியின் தரம் குறித்து அதிருப்தியடைந்த குடும்ப அட்டைதாரர்கள்', 'அதிருப்தியளிக்கும் அரிசி'. இவற்றில் குழப்பம் இல்லை. ஆளின்மேல் ஏற்படுவதாயின் 'மேலாளர்மீது அதிருப்தி' என்பதும், செயலின்மேல் ஏற்படுவதாயின் 'தீர்ப்பில் அதிருப்தி', 'கட்டண உயர்வு குறித்து அதிருப்தி' என்பதும் இயல்பான வழக்கு.

நாளிதழ்கள் 'அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள்' என்றும் 'அதிருப்தியாளர்' என்றும் எழுதுகின்றன. பிழையென்று கூறேன், தலைப்பில் இடச்சிக்கனம் வேண்டுமே. ஆயினும் 'அதிருப்தியுற்ற' என்பதில் ஒரு வினை இருக்கிறது, அதில் ஒரு காலமும் இருக்கிறது. ஏதோ நடந்தது, அதனால் உற்றார். என்ன நடந்தது என்று கேட்க நமக்குத் தோன்றும். 'அதிருப்தியாளர்' என்பதில் அக்கேள்வி எழுவதில்லை. தொழிலாளர், எழுத்தாளர் போல அதிருப்தியையே அவருக்குத் தொழிலாக்கி விடுகிறோம்!

ஆங்கிலத்திலும் இத்தகைய சொல் ஒன்றுண்டு: 'டிஸ்கிரண்டில்டு'. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவருவது. பன்றியின் உறுமலைக் குறிக்கும் 'கிரண்ட்' என்பதன் வழிவந்த 'கிரண்டில்' என்னும் பழைய வினைக்கு முணுமுணுத்தல் என்பது பொருள். இங்கே 'டிஸ்' என்பது எதிர்மறையன்று. மிகுதிப் பொருளில் வந்தது. இதை எதிர்மறைபோலக் கொண்டு, 'டிஸ்'ஸை நீக்கி, மனநிறைவுள்ளவரை 'கிரண்டில்டு' என்று வேடிக்கையாகக் கையாண்டார் பி. ஜி. வுட்ஹவுஸ், 1938இல் வெளிவந்த தமது 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்' நாவலில். மனநிறைவற்ற ஊழியரைப்பற்றி நிருவாகம் பேசும்போது 'டிஸ்கிரண்டில்டு எம்ப்ளாயி' என்பது அடிக்கடி காதில் விழும். முணுமுணுப்பு என்னும் சாயல் அதில் ஒட்டியிருப்பதால், தம்மைப்பற்றித் தாமே மனு எழுதுவோருக்கு அச்சொல் உதவாது. அகராதியில் கண்டோம் என்று அதை எடுத்தெழுதும் இளைஞர்கள், 'டிஸ்ஸாட்டிஸ்ஃபைடு' என்று எழுதி, அதன்பின் 'வித்' சேர்த்து, எதனால் என்பதையும் குறிப்பிட்டால் போதும்.

'மனத்தாங்கல்', 'மனஸ்தாபம்' ஆகியவற்றையும் மனுவில் சேர்க்க வேண்டா. உறவோ நட்போ இருக்குமிடத்தில்தான் அவற்றுக்கு வேலை. 'மனத்தாங்கல் கொண்ட சம்பந்தி' உண்டு. மின்கட்டணத்தின்மீது எவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டதாகக் கேட்டதில்லை. தாபம் என்றால் வெப்பம். மனஸ்தாபத்துக்கு இருவர் வேண்டும். நகராட்சியோடு அது கூடாது.

ஆகவே அன்பர் இவ்வாறு தொடங்கலாம்: 'எங்கள் தெருவுக்குக் குடிநீர் முறையாக வழங்கப்படாமையால் அதிருப்தியுற்றுள்ள நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது'. எத்தனை நாள்களாகக் குழாயில் நீர் வரவில்லை என்பதை அதற்கடுத்த வரியிலேயே எழுதிவிடுவது நன்று.