பாட்டுக்குப் பட்டா யார் பேரில்?



'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் தொடக்ககாலப் பாட்டுகளுக்கு இன்றைக்கு விமர்சனம் எழுதுகிறோம். லேட்தான். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் அவர்கள் மேடை ஏறியபோது, எங்களில் மூன்று பேர் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் பிடித்துப் போய், சேத்துப்பட்டில் இறங்கி, கூட்டத்தில் நின்று தொண்டை கட்டுகிற வரை கத்திவிட்டு வந்தோம். வந்த கையோடு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஸ்டேட்டஸ் வைத்தோம், அதோடு சரி.

இப்போது எழுத வைத்தவர் எங்களில் ஒருவரின் பெரியப்பா. திருக்கழுக்குன்றம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமம். வாலிப வயதில் ஊர்ச் சாவுக்கெல்லாம் மேளம் அடித்தவர். கூலி என்று கிடைத்தது நெல்லும் மிச்சச் சோறும். ஒருநாள் சேரியே கூடி, இனி ஊருக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அதற்குப் பிறகு அவர் குச்சியைத் தொடவில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'வட சென்னை' பாட்டைப் போனில் போட்டுக் காட்டினோம். திட்டுவார் என்றுதான் நினைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்த சட்டி அடிக்கிற புள்ள பேரு இன்னாடா?" என்றார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. பா. ரஞ்சித் தெரியும், அறிவு தெரியும், இசைவாணி தெரியும். ஏழு வருஷமாகக் கேட்கிற பாட்டு, இதற்கு மேல் தெரியாது. "பாட்டு நம்முளுதுன்றீங்க, அடிக்கிறவன் பேரு தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விட்டார்.

பெயர்கள் ஒன்றும் மறைத்து வைக்கப்பட்டவை இல்லை. தேடினால் கிடைக்கிறவைதான். சட்டி: தரணி, சரத். கட்ட மோளம்: கௌதம். பறையும் தவிலும்: நந்தன். டிரம்ஸ்: மனு கிருஷ்ணன். கிட்டார்: சாஹிப் சிங். பாடியவர்கள் முத்து, செல்லமுத்து, பாலச்சந்தர், இசைவாணி, அறிவு. இத்தனை பேரையும் ஒரே குழுவாகக் கட்டி இசையமைத்தவர் தென்மா. நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. குழுவின் பெயர், பண்டிதர் அயோத்திதாசர் எழுதிவந்த 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்தது.

பாட்டுக்கு வருவோம். 'வட சென்னை', 'மெட்ராஸின் மகிழ்ச்சி', 'கோட்டா', மாட்டுக்கறிப் பாட்டு, 'ஜெய்பீம்' ஆந்தம் ஆகியவற்றை ஒரே ஆல்பம் மாதிரி வரிசையாக வைத்து மூன்று முறை கேட்டோம். இந்த முறை வரிகளை விட்டுவிட்டு வாத்தியத்தை மட்டும் கவனிப்பது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

சட்டியும் கட்ட மோளமும் சாவு வீட்டில் பழகிய வாத்தியங்கள். கானாவே மரண வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடிய பாட்டுதான். அதன் தாளம் பாடுகிறவனின் மூச்சோடு போகும். ஒரு சொல்லை இழுத்தால் தாளம் காத்திருக்கும், ஒரு கேலியைச் சட்டென்று எறிந்தால் தாளமும் முந்திக்கொள்ளும். ராக் டிரம்ஸ் அப்படிக் காத்திருக்காது. கட்டம் போட்ட நோட்டு மாதிரி, வரி வரியாக அளந்துதான் போகும். இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால் யார் யாருக்கு வழிவிடுவது? இந்தக் குழு எடுத்துக்கொண்ட உண்மையான சிக்கல் அதுதான். இசைக்குள் நடக்கிற சிக்கல். வரிகளில் எவ்வளவு அரசியல் இருக்கிறதோ, அவ்வளவும் அங்கேயும் இருக்கிறது.

எங்கள் காதுக்கு 'வட சென்னை'யில் டிரம்ஸ் வழிவிடுகிறது. கனத்த அடியைக் கட்ட மோளம் எடுத்துக்கொள்ள, சட்டி மேலே ஏறி விளையாடுகிறது. கிட்டார் ஓரமாக நின்று தாளத்துக்குக் கை கொடுக்கிறது. பெரியப்பா கண்ணை மூடியதும் இதைக் கேட்டுத்தான் இருக்கும். 'கோட்டா'வில் பாடும் குரல்தான் எல்லாவற்றையும் நடத்துகிறது. இடஒதுக்கீட்டை இளக்காரமாகப் பேசுகிறவனிடம் டீக்கடையில் நின்று நக்கலாக வாதாடுகிற தொனி. கல்லூரி விடுதியில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் ருசி புரியும்.

'ஜெய்பீம்' ஆந்தம் எங்களுக்குக் குறைதான். சொல்லத் தயங்குகிறோம், ஏப்ரல் 14 அன்று அதைப் போடாமல் நமக்கு விடிவதில்லை. ஆனால் பதிவில் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து அந்தப் பாட்டை எந்த ஊர் ராக் குழுவும் வாசிக்கக்கூடிய பாட்டாக ஆக்கிவிடுகின்றன. மைதானத்தில் நெஞ்சில் வந்து தைத்த சட்டி பதிவில் பின்வரிசைக்குப் போய்விட்டது. அண்ணலின் பெயரைச் சொல்கிற பாட்டில் நம் வாத்தியம் பின்னால் நிற்பது எங்களுக்கு உறுத்துகிறது. இதை 2018-லேயே யாராவது எழுதியிருந்தால் தென்மா கேட்டிருப்பார் என்றுதான் நம்புகிறோம். ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்கள் வேறு எதையோ எழுதினார்கள்.

என்ன எழுதினார்கள்? நாங்கள் படித்தவரை, கோபம், வலி, எதிர்ப்பு, குரலற்றவர்களின் குரல். பத்தொன்பது பேர் கோட்டு சூட்டில் மேடை ஏறி நிற்கிறார்கள், குரலற்றவர்களாம். டிசம்பர் கச்சேரி விமர்சனத்தை எடுத்துப் பாருங்கள். பாடியவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் இருந்தால் அவர் யார், தனி ஆவர்த்தனம் எப்படி இருந்தது, எந்த ராகத்தில் சறுக்கினார்கள், எல்லாம் இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லாமல் அங்கே நோட்டீஸே அச்சாகாது. அந்தச் சபாக்களின் சாதியைப் பற்றி நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் வாசிக்கிறவனின் பெயரைப் பதிவதில் அவர்கள் கறார். நம் குழு மேடை ஏறினால் மட்டும் அத்தனை பேரும் 'நாட்டுப்புற மேளம்' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். சறுக்கினார்கள் என்றுகூட எழுதமாட்டார்கள். சறுக்குவதற்கு அங்கே ஒரு கலை இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

அவர்களைத் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றால் பெரியப்பாவின் கேள்வி விடுவதாக இல்லை. நாமும் இதையேதான் செய்தோம். ஊர்வலத்துக்கும் ரீல்ஸுக்கும் பாட்டை எடுத்துக்கொண்டோம். பாட்டு நமக்குப் பதாகை. பதாகையை எழுதிய பெயிண்டர் யார் என்று எந்த இயக்கம் கேட்டிருக்கிறது?

இதன் விலை நமக்கு 2021-லும் 2022-லும் தெரிந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. 2021 ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை, அறிவு எழுதிய பாட்டுகளைக் கொண்டாடி வெளியிட்ட அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் கேள்வி கேட்ட பிறகுதான் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருஷம் ஜூலை 28, 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம். பிரதமரும் முதல்வரும் இருந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதே பாட்டைப் பாடினார்கள். அறிவு அந்த மேடையில் இல்லை. மெட்டும் சொல்லும் தன் உழைப்பு என்று அவர் வெளிப்படையாக எழுதினார். மூவரும் சேர்ந்து செய்தது, யாருடைய பங்கையும் மறைக்கவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். மெட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் அந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கவில்லை. பாட்டை வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து தங்கள் மூவருக்குமே ஒரு ரூபாய் வரவில்லை என்று 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன் சொன்னதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் வருத்தம் வேறு. அந்த வாரம் நாம் எல்லோரும் அறிவுக்காகச் சண்டை போட்டோம். சண்டையில் நம் கையில் என்ன இருந்தது? அறிவின் மெட்டுக்கட்டு எப்படி இருக்கும், ஒப்பாரியின் எந்த அசைவை அவர் ராப்புக்குள் கொண்டுவருகிறார், 2019-ல் 'தெருக்குரல்' ஆல்பத்தில் அதை எப்படிப் பழகினார் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தோமா? இல்லை. ஆதரவு இருந்தது. ஆதாரம் இல்லை.

செங்கல்பட்டுக்காரர்கள் ஆதாரம் இல்லாமல் தோற்பதை நன்றாக அறிந்தவர்கள். 1891-ல் இந்த மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால்கூட மிராசுதார்கள் குறுக்கே விழுந்து நம்மவர்களுக்குக் கிடைக்காமல் செய்வதை விரிவாக எழுதினார். 1892-ல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற பஞ்சமி நிலம் அப்படி வந்ததுதான். பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. உழுதவர்கள் நம் ஆட்கள். பின்னால் போய்ப் பார்த்தால் பட்டாவில் வேறு பெயர். அதைக் கேட்கப் போன காரணை நிலமீட்புப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். உழைத்ததும் ஊருக்கே தெரிந்ததும் பதிவேட்டின் முன்னால் செல்லவில்லை. பாட்டுக்கு அந்தப் பதிவேடு, யார் என்ன வாசித்தார் என்று அன்றைக்கே எழுதி வைக்கிற விமர்சனம்.

ஒலிம்பியாட்டின் ஆட்டங்கள் நடந்தது எங்கள் பக்கம், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், ஒரு நட்சத்திர ஓட்டலில். மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் இருந்து தன்னை எழுப்பி அனுப்பியதை ஒரு நரிக்குறவர் பெண் வீடியோவில் சொல்லி, அதன் தொடர்ச்சியாக 2021 நவம்பர் 4 அன்று முதல்வரே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்ததும் இதே பூஞ்சேரிதான். வெளிநாட்டு வீரர்களைக் கடற்கரைக் கோயிலுக்கும் அர்ச்சுனன் தபசுக்கும் கூட்டிப் போனார்கள். பூஞ்சேரியிலேயே நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஒரு பாறை இருக்கிறது. மல்லையில் உளி பிடித்தவர்கள் அதில் தங்கள் பெயர்களைத் தாங்களே வெட்டி வைத்திருக்கிறார்கள். கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று வரிசையாக. ராஜசிம்மனுக்குக் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் மட்டும் இருநூறுக்கு மேல் பட்டப்பெயர். வேலை செய்தவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு பாறை. அவர்கள் என்ன சாதி என்பது எங்கள் கேள்வி இல்லை. தங்கள் பெயரை வேறொருவர் எழுதுவார் என்று அவர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர் பெயர் எல்லா நேரமும் மறக்கப்படுவதில்லை. கானாவில் பெண் குரல் அபூர்வமாக இருந்த இடத்தில் நின்று பாடிய இசைவாணி, 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா'வைத் தோண்டி எடுத்து 2024 நவம்பரில், பல வருஷம் கழித்து, புகாரும் மிரட்டலும் கிளப்பினார்கள். பாட்டு ஒரு குழுவினுடையது. புகாரில் மட்டும் அந்தப் பெண்ணின் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. பாராட்டில் 'குழு', பழியில் தனி நபர்.

வேங்கைவயல் மாதிரி ஒன்று நடக்கிற நாட்டில் ஆல்பம் விமர்சனமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் சட்டியின் சுதி பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதே தோழர்கள் ஒவ்வொரு கூட்டத்தையும் பாட்டில்தான் தொடங்குகிறார்கள். வாசித்தவர்களுக்குப் பஸ் காசு கொடுத்தோமா என்றுகூடப் பல கூட்டங்களில் கேட்பதில்லை. 'உணர்வாளர்' என்று சொல்லி ஓசியில் வாசிக்க வைப்பதற்கும் நெல்லுக்கு அடிக்க வைத்ததற்கும் எத்தனை தூரம் என்று அவர்களே அளந்து பார்க்கட்டும். பறையைத் தூக்கிப் போட்டதே விடுதலை, மறுபடி ஏன் கையில் எடுக்கிறீர்கள் என்கிற மூத்தவர்களின் குரல் இதைவிட எங்களைத் தொந்தரவு செய்கிறது. அதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. குச்சியைக் கீழே வைத்த பெரியப்பா எழுப்பிய கேள்வி மட்டும் இருக்கிறது.

மறுவாரம் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவரிடம் போனோம். தரணி, சரத் என்று படித்தோம். "ரெண்டு பேரா? அதான பாத்தேன், ஒரு கை இப்படி ஓடாதேன்னு" என்றார். பிறகு பாட்டை மறுபடி போடச் சொன்னார். இந்த இடத்தில் ஒருத்தன் நிறுத்துகிறான், அடுத்தவன் எடுக்கிறான் என்று கையை ஆட்டிக் காட்டினார். ஏழு வருஷத்தில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்காததை அவர் இரண்டாம் தடவையில் கேட்டார்.

செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் பக்கம் இருக்கிற மாணவர்கள் உங்கள் ஊர்க் குழுக்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். ஒரே நிபந்தனை: சட்டி அடித்தவர் பெயர் இல்லாமல் வருகிற கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.