நட்டவங்க எங்கே?

போன வருஷம் புரட்டாசியில எங்க கண்மாய்க் கரைக்கு ரெண்டு வேன்ல பசங்க வந்தாங்க. ஒரே மாதிரி பனியன், ஒரு பேனர், இருநூறு கன்று. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு மதியம் பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்க. சித்திரையில எண்ணிப் பார்த்தேன். பதினேழு கன்றுதான் மிச்சம். மத்ததை ஆடும் வெயிலும் பார்த்துக்கிச்சு.

வேர்க்க விறுவிறுக்கக் குழி தோண்டின பிள்ளைகளை நான் குறை சொல்லலை. கூட்டிட்டு வந்தவங்களைத்தான் சொல்றேன். அன்னைக்கு ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வரத்துக்காலைக் காட்டியிருப்போம். சீமைக்கருவேலும் பிளாஸ்டிக்கும் அடைச்சுக் கிடக்கு. அதனாலதான் ஐப்பசியில நல்ல மழை பெய்தும் கண்மாய் பாதிகூட நிறையலை. எங்களுக்கு இருக்கிறது ஒரு போகம் நெல். அதுவும் போச்சு.

"விழிப்புணர்வு வருதே, அது போதாதா?" என்று கேட்பீங்க. போதாது. நிலைத்த வளர்ச்சி என்ற பேச்சுல முதல் வார்த்தையே நிலைத்திருப்பதுதான். அரை நாள்ல எது நிலைக்கும்?

ஆள் பலம் இல்லாம இல்லை. 1969-ல் தொடங்கின நாட்டு நலப்பணித் திட்டத்தையே எடுத்துக்குங்க. ஒரு மாணவர் ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் உழைக்கணும். அதுபோக 7 நாள் முகாம். ஐம்பது பேர் சேர்ந்தா 12,000 மணி நேரம்! கிராமத்தைத் தத்தெடுக்கிற வழக்கமும் அதுல உண்டு. தத்தெடுத்த பிள்ளையை வருஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்துட்டுப் போறவங்களை என்னன்னு சொல்றது?

அந்தக் காலத்துல குடிமராமத்துன்னா வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வந்து நிக்கணும். இப்ப எங்க ஊர்ல இளவட்டமே இல்லை. எல்லாரும் உங்க ஊர்லதானே இருக்காங்க. அதனால உங்களைத்தான் கேட்கணும்.

பத்து ஊருக்குப் போகாதீங்க. ஒரே கண்மாய், ஒரே வரத்துக்கால், மூணு வருஷம். கோடையில கருவேலைத் தூரோட பிடுங்குங்க. மேலோட வெட்டினா மறுபடி துளிர்க்கும். புரட்டாசியில கரையில பனங்கொட்டை ஊன்றுங்க. அதுக்குக் குடம் தூக்கி ஊற்ற வேண்டியதில்லை. மத்த கன்று நட்டா வேலி போட்டு, மூணு கோடைக்காவது தண்ணி ஊற்றுங்க.

மிச்சமிருக்கிற பதினேழுக்கு இப்ப நான்தான் ஊற்றிட்டிருக்கேன். வர்ற சித்திரைக்கு வாங்க. பேனர் வேண்டாம். குடம் நான் தர்றேன்.