கலத்தில் இல்லை குற்றம்

பாத்திரங்களைப் பற்றியும் நம் மார்க்கம் பேசியிருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மதீனாவுக்கு வந்த அப்துல் கைஸ் குலத்துத் தூதுக்குழுவினரிடம், நான்கு வகைக் கலங்களைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். சுரைக்குடுக்கை, மெருகிட்ட மண்சாடி, குடைந்தெடுத்த பேரீச்சமரத் தண்டு, கீல் பூசிய கலம் ஆகியவையே அவை. பேரீச்சம்பழத்தையோ திராட்சையையோ ஊறவைத்த நீர், காற்றுப் புகாத இக்கலங்களில் விரைவில் புளித்துப் போதைப்பொருளாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பிற்காலத்தில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கலத்தால் ஒரு பொருள் ஆகுமானதாகவோ விலக்கப்பட்டதாகவோ ஆவதில்லை, போதை தருவதே விலக்கப்பட்டது என்பது தெளிவாக்கப்பட்டது.

கலத்தின் இயல்பு கவனிக்கப்பட்டது; ஆனால் பொறுப்பு மனிதனிடமே விடப்பட்டது. நம் வீட்டை நிறைத்திருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சிந்திக்கவும் இந்த இரண்டு படிகளே போதும் என்று எண்ணுகிறேன். அதை முற்றிலும் சபிப்போரும் உண்டு. கவலையே இன்றி வாரி இறைப்போரும் உண்டு. இரு சாராரும் அப்பொருளின் இயல்பை எண்ணிப் பார்ப்பதில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டம் இதற்குக் கசப்பான சாட்சி. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் சாராயம் கைகளுக்கு வந்து சேர்ந்தது சிறிய பாலித்தீன் பாக்கெட்டுகளில்தான். எடையில்லை, உடைவதில்லை, ஒழுகுவதில்லை, சட்டைப்பைக்குள் அடங்கும், குடித்த பின் வீசியெறிந்தால் தடயமும் மிஞ்சாது. கல்வராயன் மலைக்காடுகளில் சாராய ஊறலை அழிக்கச் செல்லும் காவலர்கள் கவிழ்த்துக் கொட்டுவதும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பேரல்களையே. பாலை அடைத்துத் தரும் அதே உறை நஞ்சையும் அதே நேர்மையோடு அடைத்துத் தந்தது. மது விஷயத்தில் சபிக்கப்பட்டோரின் பட்டியலில் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், குடிப்பவர் எல்லாரும் உண்டு. சுமந்த கலம் அதில் இல்லை.

அந்த மலைக்கு நீதியும் செய்தாக வேண்டும். கல்வராயன் மலை என்றவுடன் சாராயத்தை மட்டும் நினைப்பது அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இழைக்கும் அநீதி. கடுக்காயும் புளியும் தேனும் மரவள்ளியும் தரும் மலை அது. ஊற்று நீரைக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரும் கருப்புக் குழாயும் பிளாஸ்டிக்தான். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைமேல் விரிக்கும் தார்ப்பாயும் அதுவே. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். கல்லும் புதரும் நிறைந்த சரிவில் அதைத் தோளில் சுமந்து ஏற்றுவது எளிதன்று. மருத்துவமனையில் இரத்தத்தைச் சேமிக்கும் பையும், குளுக்கோஸ் ஏற்றும் குழாயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் வேறொரு சோதனையின்போது தற்செயலாகக் கிடைத்த பொருள். எத்திலீன் என்னும் வாயுவின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியானால் பாலித்தீன். அந்தக் கரிமச் சங்கிலியைக் கடித்துச் செரிக்க மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு எளிதில் இயல்வதில்லை. ஆகவே அது மக்குவதில்லை. தண்ணீர் ஊடுருவாது; மின்சாரம் கடத்தாது. இரண்டாம் உலகப்போரில் ராடார் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாக அதைப் பயன்படுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாமல் உழைக்க வேண்டிய வேலை அது. அத்தகைய பொருளை நாம் கடையிலிருந்து வீடுவரை பத்து நிமிடம் கொத்தமல்லிக்கட்டைச் சுமக்க வைத்து, பிறகு குப்பையில் எறிகிறோம். விரயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. உண்ணவும் பருகவும் அனுமதி தந்த இறைவசனத்திலேயே வீண்விரயத்துக்குத் தடையும் இருக்கிறது.

இனி, சற்றுச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். ரமளானில் அஸருக்குப் பின் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி வாங்க நீளும் வரிசையைப் பாருங்கள். முன்பெல்லாம் பிள்ளைகள் கையில் தூக்குவாளி இருக்கும். இன்று பல ஊர்களில் கொதிக்கும் கஞ்சியை மெல்லிய கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறோம். சூடும் எண்ணெய்ப் பசையும் சேரும்போது பிளாஸ்டிக்கில் கலந்துள்ள சேர்மானங்கள் உணவுக்குள் இறங்குவது எளிதாகிறது. அதிலும், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த வண்ணக் கவர்கள் உணவுக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. நாளெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு முதல் உணவாக இதைத் தருகிறோம். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கைப்பையும் அதில் அடங்கும். பள்ளிவாசல் வாசலில் சட்டம் நின்றுவிடுமா?

வலீமா விருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சஹனில் ஒன்றாக அமர்ந்து உண்ட சமூகம், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போகிறது.

இவ்வளவும் எங்கே போகிறது என்பதை ஒரு நதியைக் கொண்டு சொல்லலாம். கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுக்தா ஆறு, விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு கடலைத் தொடும் இடம் பரங்கிப்பேட்டை. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். பாலித்தீன் தண்ணீரைவிட எடை குறைந்தது, மிதக்கும். மலையருவியில் குளித்துவிட்டு எறிந்த கவர், மழைவெள்ளம் வந்தால் மிதந்தே இறங்கும். தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பிளாஸ்டிக்கோ தண்ணீரைவிட எடை கூடியது. நொறுங்கிய பின் அதன் துண்டுகள் அடியில் தங்கும். வெயில் பட்டு இரண்டும் பொடிப்பொடியாகும், ஆனால் மறையாது. அந்தப் பொடியை மீன் தின்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், நம் பாதை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

தூக்குவாளிக்குத் திரும்புங்கள் என்றால் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும்: வேலையிலிருந்து நேராக வருபவர், பயணி, தனியே தங்கிப் படிக்கும் மாணவர் பாத்திரத்துக்கு எங்கே போவார்கள்? இவர்களைக் குறைசொல்லி அனுப்புவது அழகன்று. பள்ளிவாசலிலேயே ஐம்பது எவர்சில்வர் தூக்குகளை ஜமாஅத் வாங்கி வைக்கலாம். பெயரை எழுதிக்கொண்டு கொடுத்து, மறுநாள் கழுவித் திருப்பித் தரச் சொல்லலாம். அந்தக் கழுவும் வேலை மறுபடியும் வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கஞ்சி குடித்த ஆண்களுக்கும் கை இருக்கிறது. சில தூக்குகள் திரும்பி வராமலே போகும். அந்த இழப்பை ஸதக்காவாக எண்ணி, அடுத்த ஆண்டு வரவு செலவில் இன்னும் பத்துத் தூக்குக்கு இடம் ஒதுக்கலாம்.