சரக்கைக் காக்கும் கூரை

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழை, யாழ்ப்பாணத்தில் தட்டையாகக் கொங்கிறீட் கூரை போட்ட கடைகளுக்கு வருடாந்தச் சோதனை. ஒழுகிய பின் சீமெந்து பூசி ஒப்பேற்றுகிறோம். வெயிலில் கொங்கிறீட் விரிந்து இரவில் சுருங்க, பூச்சு மீண்டும் வெடிக்கிறது. றப்பர் விரிப்போ அதற்கேற்ப இழுபட்டுக் கொடுக்கும்.

ஆனால், "நம் நாட்டு றப்பர்" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். கூரைக்குரியது ஈ.பி.டி.எம். எனும் செயற்கை றப்பர். இயற்கை றப்பர் வெயிலில் வெடித்துவிடும். ஈரத்தளத்தில் ஒட்டினால் விரிப்பு கொப்புளிக்கும். ஆகவே தளம் காய்ந்திருக்கும் ஓகஸ்டிலேயே வேலையை முடியுங்கள். நீர் வடியும் வழியை அடைத்து, 2 அங்குல நீரை ஒருநாள் தேக்கி, பொருத்துகள் ஒழுகாததைக் கண்ட பின்னரே முழுக்கூலியையும் கொடுங்கள். சரக்குக்கு இலட்சங்களை முடக்குகிறவர் கூரைக்குக் கணக்குப் பார்க்கலாமா?