இடது பக்கத்து பிரேக்

சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர்... தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவில் நின்றாலும் காலையில் ஒரு சின்னக் கார் தவழ்ந்து வரும். முன்னாலும் பின்னாலும் சிவப்பாக 'எல்'. அதன் பின்னால் பொறுமை இழந்த நாலு பைக்குகள்.

அந்தக் காரில் ஒரு விசேஷம். மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நாய் குறுக்கே வந்தால் மிதிப்பவர் அவர். "பாத்தீங்களா, கரெக்டா நிறுத்திட்டேன்!" என்று பெருமைப்படுபவர் நாம்.

லைசென்ஸ் வந்ததும் அந்த ஸீட்டுக்கு மனைவி வந்துவிடுகிறார். பிரேக் கிடையாது. "ஐயோ, பாத்துங்க!" மட்டும்தான்.

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சொந்தக் கார் ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் நிஜமாகவே ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவது 10 மணி நேரமாவது இருக்க வேண்டும். லாரி, பஸ் என்றால் 30 நாள், 15 மணி. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தினம் ஒரு மணி நேரத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு 20 நிமிஷம். 21 நாளில் மொத்தம் ஏழு மணிதான். பாக்கி மூன்று மணி பின் ஸீட்டில் வேடிக்கை!

2021 ஜூலையில் வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் காருக்கு 29 மணி நேரம். அங்கே பாஸானால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்ட வேண்டாம். நல்ல ஏற்பாடுதான்.

அப்படியானால், அதிகம் கற்றால் விபத்து குறையுமா? இங்கேதான் ஒரு சிக்கல். நார்வேயில் 1979-ல் புது டிரைவர்களுக்கு வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால், இளைஞர்களிடம் வழுக்கல் விபத்து கூடியிருந்தது! 'நமக்குத்தான் தெரியுமே' என்று வேகம் போயிருக்கிறார்கள். கை கற்றுக்கொண்டது, கால் அடங்கவில்லை.

பிரிட்டனில் 2002 முதல் கண்ணுக்கும் பரீட்சை. சாலை வீடியோ ஓடும். ஆபத்து உருவாகும்போதே கண்டுபிடித்து பட்டனை அழுத்த வேண்டும். மோதப் போகும் சமயத்தில் அழுத்தினால் மார்க் இல்லை.

நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் இதற்கு வீடியோவே வேண்டாம். பெருங்களத்தூரில் பஸ் நிற்கிறது. இறங்கியவர் அந்த பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து குறுக்கே வருவார். அவர் தலை தெரிந்த பிறகு பிரேக் போடுவது அதிர்ஷ்டம். பஸ் நின்றதைப் பார்த்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான் டிரைவிங்.

எனவே, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். தினம் எத்தனை நிமிஷம் ஓட்டினீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மாஸ்டர் தன் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும், "எதைப் பார்த்து மிதிச்சீங்க?" என்று கேளுங்கள்.

"அந்த வீட்டு கேட் திறந்திருந்துச்சு சார். ஏதாவது பையன் சைக்கிள்ல வருவான்னு தோணிச்சு."

"யாரும் வரலியே, மாஸ்டர்?"

"வரல. வந்திருந்தா?"

ஃபீஸ் கட்டியது இந்தப் பதிலுக்குத்தான்.