காற்றில் பிறந்த சொல்



'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்ற பழமொழியை எல்லோரும் அறிவீர்கள். அதில் வரும் 'தூற்று' என்ற வினைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன? பலரும் விழிப்பீர்கள். அந்தச் சொல், 'வின்னோ'.

காற்றை ஆங்கிலத்தில் 'விண்ட்' என்கிறோம் அல்லவா? அதிலிருந்து பிறந்ததே இச்சொல். பழைய ஆங்கிலத்தில் 'விண்ட்வியன்' என்று இருந்தது, காலப்போக்கில் தேய்ந்து 'வின்னோ' ஆகிவிட்டது.

எங்கள் குரும்பலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதன் பொருளை விளக்கவே வேண்டாம். களத்தில் காற்று வீசும்போது, முறத்தை உயரத் தூக்கி தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிய விடுவார்கள். கனமான மணி நேராகக் காலடியில் விழும். லேசான பதரும் தூசியும் தள்ளிப் போய் விழும். இப்போது கதிரடிக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் விசிறியே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

முறத்தில் தட்டிப் புடைப்பதையும் ஆங்கிலத்தில் 'வின்னோ' என்றே சொல்லலாம். ஆனால், மாவு சலிப்பதற்கு இதைப் போடக்கூடாது. அதற்கு 'சிஃப்ட்' என்ற சொல் இருக்கிறது. 

களத்துக்கு வெளியேயும் இச்சொல் பயன்படுகிறது. போட்டிக்கு வந்த நூறு கட்டுரைகளில் சிறந்த பத்தை மட்டும் பிரித்தெடுத்தாலும் 'வின்னோ'தான். உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதற்கும் அதே சொல்தான்.

தமிழில் 'தூற்று' என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. ஒருவர்மீது பழி சொல்லி, அதை ஊரெல்லாம் பரப்புவதும் தூற்றுதலே. காற்றில் பறந்த பதரை யாராவது திரும்பப் பொறுக்கிச் சேர்க்க முடியுமா? பழிச்சொல்லும் அப்படித்தான். சொன்னவர் மன்னிப்புக் கேட்டாலும், கேட்டவர்களின் மனதிலிருந்து அது போவதில்லை.

ஆகவே செல்வங்களே, வகுப்புத் தோழனைப் பற்றி யாராவது ஒரு கதை சொன்னாலும், கைபேசியில் ஒரு செய்தி வந்தாலும் உடனே அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். இதில் மணி எது, பதர் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை. தூற்றுதல், புடைத்தல், கொழித்தல், சலித்தல்... இவற்றுக்கு என்ன வித்தியாசம் என்று பாட்டியிடம் கேளுங்கள். முறத்தைக் கையில் வாங்கி நீங்களும் செய்து பாருங்கள். பிறகு அகராதியைப் புரட்டுங்கள். கை செய்து பழகிய சொல், எந்த மொழியில் இருந்தாலும் மறக்காது!